ஒரு ஜீன் என்ன வேலை செய்யுதுன்னு நீங்களே தேடிப் படிக்கிறது எப்படி: ஹெப்சிடினை வச்சு ஒரு விளக்கம்

ஏஎல் பயோ படிக்கிற பிள்ளைங்களுக்கும் கெம்பஸ் முதல் வருசத்துல இருக்கிறவங்களுக்கும் அடிக்கடி ஒரு அசைன்மென்ட் வருது, ஒரு மனுச ஜீன் பேரைக் குடுத்து இதோட வேலை என்னன்னு எழுதிக்கிட்டு வாங்கன்னு. நெறைய பேர் கூகிள்ல அடிச்சு முதல்ல வர்ற ரெண்டு வரியை அப்படியே எழுதிக் குடுத்துர்றாங்க. அந்த ரெண்டு வரில பொய் ஒண்ணும் இல்ல, ஆனா அந்தப் புரதம் எங்க உருவாகி எங்க போயி யாரைத் தொட்டு என்ன நடக்குதுன்னு அதுல இருந்து ஒண்ணும் வெளங்காது. கையில ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தா போதும், ஹட்டன்ல இருந்தாலும் பதுளைல இருந்தாலும் ஆராய்ச்சி பண்றவங்க பாக்குற அதே பக்கங்களை நாமளும் காசில்லாமப் பாக்கலாம். எப்படிப் பாக்கிறது, எதை நம்புறது, எதைத் தள்ளி வைக்கிறதுன்னு ஒரே ஒரு ஜீனைக் கையில வச்சுக்கிட்டு முழுசாச் சொல்றேன்.

நான் எடுத்துக்கிட்டது ஹெப்சிடின்ங்கிற புரதத்துக்கான ஜீன். ஆங்கிலத்துல ஹெச், ஏ, எம், பின்னு நாலு எழுத்து, தேடுறப்போ இந்த நாலையும் கேப்பிட்டல்ல அடிங்க. ஏன் இதுன்னா, ரத்தம் கொறைவுன்னு சொல்லி கிளினிக்ல இரும்பு மாத்திரை குடுக்கிறது நம்ம லயத்துல எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச விசயம், கொழுந்து எடுக்கிற அக்காமார் கிறுகிறுன்னு வருது மூச்சு வாங்குதுன்னு சொல்றதும் தெரிஞ்ச விசயம், அந்த இரும்பு ஒடம்புக்குள்ள எவ்வளவு போகணும்னு முடிவு பண்றதே இந்த ஒரு சின்னப் புரதம்தான். நம்ம வீட்டு விசயத்தோட ஒட்டிப் படிச்சா மறக்காது.

சுரக்கப்படுற புரதம்னா ஒரு கலம் தனக்குள்ள செஞ்சு வெளிய அனுப்புற புரதம். இன்சுலின், ரத்தத்துல இருக்கிற அல்புமின், எச்சில்ல இருக்கிற அமைலேஸ் எல்லாம் இந்த வகை. இந்த மாதிரி ஜீனைப் படிக்கிறப்போ கேக்க வேண்டிய கேள்விங்க கொஞ்சம் வேற. கலத்துக்குள்ளயே இருக்கிற நொதியம்னா அது எந்தத் தாக்கத்தை ஊக்குவிக்குதுன்னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சிரும். இதுக்கு அப்படி இல்ல, எந்த உறுப்பு செய்யுது, எப்படி வெளிய வருது, வெளிய வந்து யாரைத் தொடுது, தொட்டா என்ன ஆவுது, யாரு அதைக் கூட்டுறா யாரு கொறைக்கிறா, இல்லாமப் போனா என்ன நடக்கும், அளவுக்கு மீறினா என்ன நடக்கும்னு வரிசையாக் கேக்கணும். இந்த வரிசையை ஒரு கொப்பில எழுதி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கா பதில் தேடுங்க. பக்கத்தைத் தொறந்துட்டு மேல இருந்து கீழ படிச்சிக்கிட்டே போனா தலை சுத்தும்.

முதல்ல என்சிபிஐ ஜீன் பக்கத்துக்குப் போங்க, அது அமெரிக்க அரசாங்கம் நடத்துற ஜீன் டேட்டாபேஸ். அங்க பேரை அடிச்சா மனுசன், எலி, மாடுன்னு பல உயிரினம் வரிசையா வரும், ஹோமோ சேப்பியன்ஸ்னு இருக்கிறதை மட்டும் தொறங்க. இதுல கவனமா இருக்கணும், ஏன்னா எலிக்கு ஹெப்சிடின் ஜீன் ரெண்டு இருக்கு, மனுசனுக்கு ஒண்ணுதான், எலியோட ரெண்டாவது ஜீன் இரும்பு விசயத்துல அந்த மாதிரி வேலை செய்யிறதா தெரியல. தவறான பக்கத்தைத் தொறந்து எழுதினா முழு அசைன்மென்ட்டும் கோணலாப் போயிரும். மனுசன் பக்கத்துல இந்த ஜீன் 19ஆவது குரோமோசோமோட நீளமான கையில இருக்கு, மூணு எக்சான், அதாவது கடைசி ஆர்என்ஏல மிஞ்சுற துண்டு, இருக்குன்னு காட்டும். இதெல்லாம் இருக்கிற எடம்தான், வேலை இல்ல, ஒரு வரில எழுதிட்டு கடந்து போங்க. மேல சுருக்கம்னு ஒரு பத்தி இருக்கும், அதை ஒருக்கா படிச்சிட்டு மூடிருங்க, பிறகு திரும்பி வந்து பாத்தா அந்தப் பத்தி எவ்வளவு சொல்லுது எவ்வளவை விட்ருச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது யூனிப்ராட், புரதங்களைப் பத்தின டேட்டாபேஸ். என்னைக் கேட்டா ஒரு புரதத்தைப் பத்தி ஒரே ஒரு பக்கம்தான் பாக்க முடியும்னா இதைத்தான் பாக்கச் சொல்லுவேன். மனுச ஹெப்சிடினோட எண் பி 81172. தேடுனா வர்ற லிஸ்ட்ல ரிவியூட்னு போட்டிருக்கிறதையே எடுங்க, அது ஆளுங்க உக்காந்து பேப்பர்களைப் படிச்சு சரி பாத்துப் போட்டது. மத்தது கம்ப்யூட்டர் தானாப் போட்டது, அதுல ஊகம் கலந்திருக்கும். சிக்னல் கொறைவான தோட்டமா இருந்தா பக்கம் முழுசா வர்ற வரைக்கும் காத்திருங்க, பாதில நிறுத்தினா நமக்கு வேணுங்கிற டேபிள் வராமலே போயிரும்.

இப்ப இந்தப் பக்கத்துல புரதத்தோட வரிசைன்னு இருக்கிறதைத் தொறந்து எழுத்து எழுத்தாப் பாருங்க. மொத்தம் 84 எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம். முதல் 24 எழுத்தை பென்சிலால தனியா எழுதுங்க, அதுக்கு நடுவுல எல் எல் எல்னு வரிசையா ஏழு லியூசின் நிக்கிறது கண்ணுக்குத் தெரியும். லியூசின் தண்ணியோட ஒட்டாத அமினோ அமிலம், இந்த மாதிரி தண்ணிக்குப் புடிக்காத ஒரு நீட்டு ஒரு புரதத்தோட ஆரம்பத்துல இருந்தா அது பெரும்பாலும் சிக்னல் பெப்டைட். ரைபோசோம் இந்தத் துண்டைச் செஞ்சு முடிச்ச உடனே இந்தத் துண்டு ரைபோசோமை அகமுதலுருச் சிறுவலைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருது, உள்ள நுழையிறப்பவே இந்த 24ம் வெட்டுப்பட்டுப் போயிருது. நீங்க பாடப்புத்தகத்துல படிச்ச சுரப்புப் பாதை இதுதான், இங்க ஒரு உண்மையான புரதத்துல எழுத்தா நிக்குது.

25ஆவது எழுத்துல இருந்து 59 வரைக்கும் இருக்கிறது நடுத்துண்டு. அதோட கடைசியில ஆர் ஆர் ஆர் ஆர் ஆர்னு அஞ்சு ஆர்ஜினின் ஒண்ணாச் சேந்து நிக்கும். பியூரின்ங்கிற நொதியம் அந்த எடத்தைத் தேடி வந்து வெட்டும், வெட்டினதுக்குப் பிறகு மிஞ்சுறது கடைசி 25 எழுத்து, அதுதான் ரத்தத்துல ஓடுற உண்மையான ஹெப்சிடின். அந்த 25ல எட்டு எழுத்து சி, அதாவது சிஸ்டைன். எட்டும் ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து நாலு டைசல்பைட் பிணைப்பு போட்டுக்கிட்டு அந்தச் சின்னப் பெப்டைடை கொண்டை ஊசி மாதிரி மடிச்சு இறுக்கி வச்சிருக்கு. இந்த மூணு துண்டையும் மூணு கலர் பேனாவுல கொப்பில வரைஞ்சு வச்சுக்கங்க, வைவாவுல கேட்டா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

ஒரு விசயம் இங்கயே சொல்லிர்றேன். சிக்னல் பெப்டைட் இருந்தா புரதம் வெளிய போயிரும்னு நெனைக்காதீங்க. இன்சுலினைப் புடிக்கிற வாங்கியிலயும் (ரிசெப்டர்) சிக்னல் பெப்டைட் இருக்கு, ஆனா அது மென்சவ்வுலயே நின்னுரும், ஏன்னா அதுல சவ்வைக் கடந்து நிக்கிற இன்னொரு துண்டு இருக்கு. அதே மாதிரி இன்டர்லூக்கின் 1 பீட்டாங்கிற அழற்சிச் சைகைப் புரதத்துக்கு சிக்னல் பெப்டைடே இல்ல, இருந்தும் வெளிய வருது. அதனால யூனிப்ராட்ல எங்க இருக்குதுங்கிற பகுதியில சீக்ரீட்டட்னு போட்டிருக்கா, சவ்வு கடக்குற துண்டு ஏதாவது இருக்கான்னு ரெண்டையும் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். சிக்னல்பின்னு ஒரு இலவச டூல் இருக்கு, வரிசையைப் போட்டா வெட்டுற எடத்தை அதுவே சொல்லும். அதுல ஹெப்சிடின் வரிசையை நீங்களே போட்டுப் பாருங்க.

எந்த உறுப்பு செய்யுதுங்கிறதுக்கு ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் பக்கத்துல டிஷ்யூங்கிற பகுதி. ஹெப்சிடினுக்கு ஈரல்ல கோடு ஒசரமா நிக்கும், மத்த உறுப்புல கிட்டத்தட்ட ஒண்ணும் இருக்காது. கொஞ்சூண்டு தெரியிற எடத்தைப் பத்தியெல்லாம் பெருசா எழுத வேணாம்.

இனித்தான் முக்கியமான எடம், அது யாரைத் தொடுது. யூனிப்ராட் மேல இருக்கிற பங்ஷன் பத்தியில பெரோபோர்ட்டின்னு ஒரு பேரு வரும். கலத்துக்குள்ள இருக்கிற இரும்பு வெளிய ரத்தத்துக்குப் போறதுக்கு இருக்கிற ஒரே வாசல் இந்த பெரோபோர்ட்டின். குடல் கலத்துல இந்த வாசல் இருக்கு, நாம சாப்பிட்ட இரும்பு அது வழியாத்தான் ரத்தத்துக்கு வரும். மண்ணீரல்லயும் ஈரல்லயும் இருக்கிற மேக்ரோபேஜ்ங்கிற விழுங்கும் கலத்துலயும் இருக்கு, வயசான செங்குழியங்களை அந்தக் கலங்க உடைச்சு எடுக்கிற இரும்பு இந்த வழியாத்தான் திரும்பி வெளிய வரும். ஹெப்சிடின் வந்து பெரோபோர்ட்டினைப் புடிச்சா கலம் அந்த வாசலையே உள்ள இழுத்து அழிச்சிரும். இரும்பு உள்ளயே மாட்டிக்கும், ரத்தத்துல இரும்பு கொறையும். 2004ல எலிசபெத்தா நெமெத், தோமஸ் கன்ஸ், ஜெரி கப்லான் இவங்க குழு இதைக் கண்டுபுடிச்சு சயன்ஸ் இதழ்ல போட்டாங்க. ஹெப்சிடினோட வேலைன்னு ஒரு வரி எழுதச் சொன்னா இந்த வரிதான், மத்த எல்லாம் இதுல இருந்து வர்றது.

கணக்கையும் பாருங்க, அப்பதான் இந்த வாசலோட கனம் புரியும். பெரியவங்க ஒடம்புல மொத்தம் 3ல இருந்து 4 கிராம் இரும்புதான் இருக்கு. சாப்பாட்டுல இருந்து ஒரு நாளைக்கு ஒடம்புக்குள்ள எடுக்கிறது 1ல இருந்து 2 மில்லிகிராம். ஆனா புதுச் செங்குழியம் செய்யறதுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல தேவை, அது பெரும்பாலும் மேக்ரோபேஜ் திருப்பிக் குடுக்கிறதுல இருந்து வருது. இன்னொண்ணு, சேந்து போன இரும்பை வெளிய தள்ளுறதுக்கு ஒடம்புல தனி வழி கெடையாது. உள்ள எடுக்கிற எடத்துலயேதான் கட்டுப்படுத்தணும், அதனாலதான் இந்த ஒரு ஜீனுக்கு இவ்வளவு பொறுப்பு.

பக்கத்துல இன்னொரு வேலையும் போட்டிருக்கும், கிருமியைக் கொல்லும்னு. இதை எழுதலாமா வேணாமான்னு பிள்ளைங்க தடுமாறுவாங்க. 2000லயும் 2001லயும் ரத்தத்துல இருந்தும் சிறுநீர்ல இருந்தும் இந்தப் பெப்டைடைப் பிரிச்சு எடுத்தவங்க முதல்ல பாத்தது அது கிருமிக்கு எதிரா வேலை செய்யுதான்னுதான், சோதனைக் குழாயில செஞ்சுது. ஆனா அதுக்குத் தேவைப்பட்ட செறிவு நம்ம ரத்தத்துல சாதாரணமா இருக்கிறதை விட ரொம்பக் கூட. அதனால நான் சொல்றது, அதை ரெண்டாவதா வச்சு எந்த நிலையில பாத்ததுன்னும் சேத்து எழுதுங்க. டேட்டாபேஸ்ல ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் அது எந்தப் பேப்பர்ல இருந்து வந்ததுன்னு ஒரு சின்ன லிங்க் இருக்கும், அதை அமத்தினா பப்மெட்ங்கிற ஆராய்ச்சிப் பேப்பர் தேடுற தளத்துல சுருக்கம் வரும். அந்தச் சுருக்கத்துல எலியா, மனுசனா, சோதனைக் குழாயான்னு மட்டும் பாத்தாலே போதும், எதுக்கு எவ்வளவு எடை குடுக்கிறதுன்னு தெரிஞ்சிரும்.

ஒரு ஜீன் இதைத்தான் செய்யுதுன்னு நிச்சயமாச் சொல்லணும்னா அதை எடுத்துட்டுப் பாக்கணும், கூட்டியும் பாக்கணும். 2001ல பிரான்ஸ்ல ஒரு குழு வேற ஒரு ஜீனை நீக்கின எலியைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப அதுக்கு ஈரல்லயும் சதையியிலயும் (கணையம்) இரும்பு நெறஞ்சு போயிருந்துச்சு, தேடுனா அந்த எலில ஹெப்சிடினே இல்ல. அடுத்த வருசம் அதே குழு ஹெப்சிடினை அளவுக்கு மீறிச் செய்யிற எலியை உண்டாக்குனாங்க, அது கடுமையான ரத்தக் கொறைவோட பொறந்துச்சு. 2003ல மனுசனுக்கே இந்த ஜீன்ல விகாரம் இருந்தா சின்ன வயசுலயே இரும்பு சேந்து இதயமும் ஈரலும் கெட்டுப் போற நோய் வருதுன்னு தெரிஞ்சுது. இதெல்லாம் மனுச ஜீனையும் பரம்பரை நோயையும் பத்தின ஓமிம்ங்கிற டேட்டாபேஸ் பக்கத்துல வருசவாரியா இருக்கு, ஹெப்சிடினுக்கு அங்க எண் 606464. கொஞ்சம் நீளமான பக்கம்தான், ஆனா ஒரு விசயம் எப்படி ஒவ்வொரு படியா நிரூபணம் ஆச்சுன்னு அதுல படிக்கிறப்போ உண்மையிலயே சந்தோசமா இருக்கும், அதனால அவசரப்படாமப் படிங்க.

கூட்டுறதும் கொறைக்கிறதும் யாருன்னு கேட்டா மூணு பேரைப் புடிச்சா போதும். ஒடம்புல இரும்பு கூடினா ஈரல்ல பிஎம்பி 6ங்கிற சைகை கூடி ஹெப்சிடினைக் கூட்டும். காய்ச்சல், தொற்று, அழற்சின்னு வந்தா இன்டர்லூக்கின் 6ங்கிற அழற்சிச் சைகைப் புரதம் கூட்டும். எலும்பு மச்சை வேகமா செங்குழியம் செய்யிறப்போ எரித்ரோபெரோன்னு ஒரு ஹோமோன் வந்து கொறைக்கும், இதை 2014ல கண்டுபுடிச்சாங்க. அதுவும் சுரக்கப்படுற புரதந்தான், அடுத்து படிக்கிறதுக்கு ரொம்ப நல்ல ஜீன்.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகு நம்ம வீட்டுப் பக்கம் திரும்பிப் பாருங்க. சாப்பிட்ட உடனே ப்ளேன்டீ குடிச்சா இரும்பு சேராதுன்னு கிளினிக்ல சொல்றது உண்மை, ஆனா அதுக்கும் ஹெப்சிடினுக்கும் நேரடித் தொடர்பு இல்ல. தேத்தண்ணில இருக்கிற பொலிபீனால் குடலுக்குள்ளயே கீரை பருப்புல இருக்கிற இரும்பைப் புடிச்சுக்கும், வாசல் வரைக்கும் வரவே விடாது. அசைன்மென்ட்ல இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிறாதீங்க. சோத்தோட தேசிக்காய், கொய்யா, நெல்லிக்காய்னு வைட்டமின் சி இருக்கிறது சேந்தா இரும்பு நல்லா ஏறும், கொஞ்சம் கருவாடோ நெத்தலியோ சேந்தாலும் ஏறும், தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கிறது நல்லது.

இரும்பு மாத்திரை விசயம் ஹெப்சிடினோட நேரடியாவே சேருது. மாத்திரை போட்ட பிறகு ஹெப்சிடின் கூடி கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு அப்படியே நிக்கும், அதனால அடுத்த மாத்திரைல இருந்து ஏறுற பங்கு கொறையும். 2017ல லான்செட் ஹிமடாலஜியில வந்த ஒரு சுவிஸ் ஆய்வுல இரும்பு கொறைஞ்ச பொம்பளைங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தப்போ ஒரு மாத்திரைல இருந்து ஏறுன பங்கு கூடவா இருந்துச்சு. இதைப் படிச்சிட்டு வீட்டுல கர்ப்பமா இருக்கிற அக்காவுக்கு மாத்திரையைக் கொறைக்காதீங்க. அந்த ஆய்வு கர்ப்பிணிகளை வச்சு செஞ்சதில்ல, கிளினிக்ல மிட்வைஃப் மிஸ்ஸும் டொக்டரும் சொன்ன மாதிரியேதான் போடணும், கால்சியம் மாத்திரையை வேற நேரத்துக்கு வைக்கணும்.

காய்ச்சல் சரியாகாம ரொம்ப நாள் அழற்சி இருக்கிறவங்களுக்கு இரும்பு ஒடம்புல இருந்தும் ரத்தம் கொறையும், ஏன்னா ஹெப்சிடின் வாசலை மூடி வச்சிருக்கு. அதே நேரம் இரும்பைச் சேத்து வைக்கிற பெரிட்டின்ங்கிற புரதத்தோட அளவு அழற்சியால கூடித் தெரியும், ரிப்போட்டைப் பாத்து இரும்பு நல்லா இருக்குன்னு ஏமாந்துறக் கூடாது. இதுக்கு நேர் எதிர் தலசீமியா, ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரை நோய். அங்க எலும்பு மச்சை செங்குழியம் செய்ய ஓயாம முயற்சி பண்ணும், எரித்ரோபெரோன் கூடி ஹெப்சிடின் கொறையும், ரத்தம் கொறைவா இருந்தும் இரும்பு ஏறிக்கிட்டே போகும். ரத்தம் ஏத்தாதவங்களுக்கும் இது நடக்கும். தலசீமியா ஜீனைச் சுமக்கிறவங்களுக்கும் செங்குழியம் சின்னதாத்தான் தெரியும், இரும்பு கொறைவு மாதிரியே. இலங்கையில தலசீமியா இருக்கு, குருநாகல்ல அதுக்குன்னே ஒரு சென்டர் இருக்கு, அதனால மாசக்கணக்கா இரும்பு போட்டும் ஹீமோகுளோபின் ஏறலன்னா ஹீமோகுளோபின் வகையைப் பாக்குற டெஸ்ட் தேவையான்னு டொக்டர்கிட்ட கேளுங்க. நுவரெலியா மாதிரி 1868 மீட்டர் ஒசரத்துல இருக்கிறவங்களோட ஹீமோகுளோபினை ஒசரத்துக்கு ஏத்த மாதிரி திருத்திப் பாக்கணும்னு டபிள்யூஹெச்ஓ சொல்லியிருக்கு, இதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

எழுதுறப்போ இந்த மாதிரி எழுதலாம், நான் எழுதிக் காட்டுறேன்: ஈரல் கலங்க 84 அமினோ அமிலம் உள்ள முன்னோடியைச் செஞ்சு, சிக்னல் பெப்டைடையும் நடுத்துண்டையும் வெட்டி, 25 அமினோ அமிலம் உள்ள ஹெப்சிடினை ரத்தத்துக்கு விடுது. அது குடல் கலத்துலயும் மேக்ரோபேஜ்லயும் இருக்கிற பெரோபோர்ட்டினைப் புடிச்சு அழிக்க வச்சு ரத்தத்துக்கு வர்ற இரும்பைக் கொறைக்குது. இரும்பும் அழற்சியும் அதைக் கூட்டும், செங்குழிய உற்பத்தி கொறைக்கும். இல்லாமப் போனா இரும்பு சேரும், கூடினா ரத்தம் கொறையும். அவ்வளவுதான், ஒவ்வொரு வரிக்கும் நீங்க பாத்த பக்கத்தோட எண்ணையும் பாத்த திகதியையும் பக்கத்துல எழுதுங்க, ஏன்னா டேட்டாபேஸை அடிக்கடி புதுப்பிப்பாங்க.

இதே வரிசையை வச்சு இன்சுலின் ஜீனை எடுத்துப் பழகுங்க, அதுல 110 எழுத்து, சிக்னல் பெப்டைட் இதே மாதிரி 24. அது கை வந்த பிறகு அல்புமின், 609 எழுத்துல 585தான் ரத்தத்துல ஓடுது, மிச்சம் 24 எங்கெங்க எப்படி வெட்டுப்படுதுன்னு யூனிப்ராட் டேபிளைப் பாத்து நீங்களே கண்டுபுடிங்க, ஹெப்சிடினை வெட்டுன அதே பியூரின் அங்கயும் வரும்.